பரணுக்குப் போகிற ஏணி

சிம்லா, டேராடூன், ஷில்லாங், கேங்டாக் என்று மலை ஊர்களுக்கு மாற்றலாகிப் போகிற நம்மவர்கள் வாடகை வீடு பார்க்கும்போது என்னென்ன பார்ப்போம்? தண்ணி எப்போ வரும், ஆபீஸ் எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் நிற்குமா, ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி இறங்கணும். கொஞ்சம் விவரமானவர்கள் குளிர்காலத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்பார்கள். தலையை நிமிர்த்தி சீலிங்கைப் பார்ப்பவர் யாருமில்லை. இந்தப் பதிவு சீலிங்கைப் பற்றியது, குறிப்பாக அதில் இருக்கும் ஒரு கதவைப் பற்றியது.

சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பமானி பூஜ்யம் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். இங்கே பழைய வீடுகளின் சுவர், மரச் சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் வைத்து அடைத்து மேலே பூசியது. தஜ்ஜி என்பார்கள். கூரை தகரம், சரிவாக. அறைக்கு மேலே பலகை சீலிங். அந்தப் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே கிடக்கிற முக்கோண இடத்துக்கு அட்டிக் என்று பெயர். நம்மூர் பரணுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம்லாவில் அட்டிக் லேசுப்பட்ட விஷயமில்லை. 2017 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இனிமேல் இங்கே இரண்டு மாடியும் ஒரு அட்டிக்கும்தான் கட்டலாம் (ஊரின் மையப் பகுதியில் அதுவும் கிடையாது) என்று உத்தரவு போட்டு, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்கிறவரை, டீக்கடையில் கூட அட்டிக் பேச்சுதானாம்.

நாங்கள் இருப்பது மேல்தளம். கீழ்தளத்தில் வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவி மாதாஜியும். எங்கள் நடையில், சீலிங்கில், இரண்டரை அடிக்கு நாலடி அளவில் ஒரு கதவு. அதில் தொங்குகிற கயிற்றைப் பிடித்து இழுத்தால் கதவு கீழே சாயும், அதன் முதுகில் மூன்றாக மடித்து வைத்திருக்கும் மர ஏணி விரிந்து தரைக்கு வரும். பெரியவரின் மகன் கனடாவில் இருக்கிறார். அங்கே வீட்டுக்கு வீடு இப்படித்தான் என்று அவர் படம் அனுப்ப, உள்ளூர் மிஸ்திரி ஸ்பிரிங் எல்லாம் வைத்து அதே மாதிரி செய்து கொடுத்துவிட்டார். கைவேலையைப் பாராட்டத்தான் வேண்டும். எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு அதுதான் ஊஞ்சல், கப்பல், சிறைச்சாலை எல்லாம்.

ஒரே ஒரு குறை. அலமாரிக்குக் கதவு போடுகிற மாதிரி போட்டிருந்தார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே சுற்றிலும் கால் அங்குல இடைவெளி. கால் அங்குலம்தானே என்று தோன்றும். நமக்குக் கணக்கு போடாமல் தூக்கம் வராதே (இருபது வருஷ பேங்க் வேலை). கதவின் சுற்றளவு 13 அடி, அதாவது 156 அங்குலம். கால் அங்குலத்தால் பெருக்கினால் 39 சதுர அங்குலம். சீலிங்கில் ஆறங்குலத்துக்கு ஆறரை அங்குலத்தில் ஒரு சதுர ஓட்டை போட்டு, அதை ராத்திரி பகலாகத் திறந்து வைத்திருப்பதற்குச் சமம். ஜன்னலில் அப்படி ஒரு ஓட்டை இருந்தால் அன்றைக்கே கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டிருப்போம். இது மேலே, கண்ணில் படாத இடத்தில்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து டிசம்பரில் வந்து சேர்ந்தார். 74 வயசு, கூடவே இழுப்பு. "ஏய்யா, மூஞ்சி கழுவுனா பல்லு கிட்டிக்கிடுது, இந்த ஊர்ல எப்படி இருக்கிய?" என்று முதல் நாளே கேட்டார். ஹீட்டர் ஓடுகிற வரை கூடத்தில் 18 டிகிரி நிற்கும். அணைத்துவிட்டுப் படுத்தால் விடிகாலையில் 8. தங்கமணி ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய தினத்தந்தியைச் சுருட்டிச் சொருகினாள். (பார்சலில் வரும் முறுக்கு டப்பாவைச் சுற்றி வருகிற பேப்பர். இங்கே ஒரு பேப்பருக்கும் வீணே கிடையாது.) அரை டிகிரி கூட ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சூடான காற்று லேசானது, மேலே போகும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் குளிர்காலத்தில் வீடு முழுசுமே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும் என்பது எனக்குப் புதுசு. மேலே இருக்கும் ஓட்டை வழியாக வெதுவெதுப்பான காற்று வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்ப வாசற்கதவுக்கு அடியிலும் தரைப்பலகை இடுக்கிலும் பனிக்காற்று உள்ளே வரும். நடு உயரத்தில் இருக்கும் ஜன்னலில் இந்த இழுப்பு கம்மி. உச்சியிலும் அடியிலும்தான் அதிகம். ஆக, காலில் ஜில்லென்று படுகிற காற்றுக்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. ஒரு ஊதுபத்தி கொளுத்தி, ஸ்டூலில் ஏறி, கதவின் ஓரமாகப் பிடித்தேன். புகை வளையாமல் நெளியாமல், யாரோ மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மாதிரி நேராக இடுக்கில் நுழைந்தது. இன்னொரு வழி: ராத்திரி அட்டிக்கில் ஒரு பல்பை எரியவிட்டு, கீழே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். வெளிச்சம் எங்கெங்கே கோடு போடுகிறதோ அங்கெல்லாம் உங்கள் கரண்ட் பில் போகிறது.

"ஆணி அடிச்சு மூடிடுங்களேன்" என்றாள் தங்கமணி. முடியாது. தண்ணீர்த் தொட்டி மேலேதான் இருக்கிறது. 2018 மே மாசம் சிம்லா தண்ணீருக்குத் தவித்தது பேப்பரில் எல்லாம் வந்தது. தொட்டி இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது. மிதவை வால்வு மக்கர் பண்ணினால் ஏறித்தான் ஆகவேண்டும். அதோடு மாதாஜியின் கல்யாணத்து டிரங்குப் பெட்டிகளும் ரஜாய்களும் அங்கேதான் இருக்கின்றன.

சரி, கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டி, மேலே மூடி போட்டுவிட்டால் முடிந்தது என்று கடைக்குக் கிளம்ப இருந்தவனை நிறுத்தியது கீழ்வீட்டு அங்கீட்டி.

அங்கீட்டி என்றால் கரி அடுப்பு. இரும்புச் சட்டியில் மரக்கரியை வெளியே வைத்துப் பற்ற வைப்பார்கள். புகை அடங்கி, கரி சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்ததும் உள்ளே தூக்கிப் போய்க் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். வட இந்தியா முழுக்க இதுதான் வழக்கம். ஒவ்வொரு குளிர்காலமும் "அங்கீட்டி வைத்துத் தூங்கிய குடும்பம் காலையில் எழுந்திருக்கவில்லை" என்று செய்தி வராமல் போவதில்லை. புகை நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் புகையில்லாத அந்தச் சிவந்த கரிதான் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் வரும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

கீழ்வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது கான்கிரீட் இல்லை, பலகைத் தரை. அதற்கு நடுவே ஒரு மாடிப்படி. போன வருஷம்தான் பெரியவர் கீழே எல்லா ஜன்னலையும் மாற்றி, காற்றே புகாத புது ஜன்னல் போட்டிருந்தார். அப்படியென்றால் கீழே எரிகிற கரியின் காற்று எங்கே போகிறது? பலகை இடுக்கு வழியாக எங்கள் வீட்டுக்கு, எங்கள் வீட்டிலிருந்து அந்த 39 சதுர அங்குலம் வழியாக அட்டிக்குக்கு, அங்கிருந்து வெளியே. நான் நஷ்டக் கணக்கில் எழுதி வைத்திருந்த ஓட்டை, இன்னொரு பக்கம் இரண்டு குடும்பத்துக்கும் புகைபோக்கியாக இருந்திருக்கிறது. வரவை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தால், அம்மா எங்கே படுத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த நடைக்கு நேர் எதிர் அறையில்.

பெரியவரிடம் பேசினேன். சிரித்தார். "நாற்பது வருஷமா வைக்கிறோம் பேட்டா, ஒண்ணும் ஆகலை." அவர் சொன்னது பொய்யில்லை. நாற்பது வருஷமாக அந்த வீடு எல்லாப் பக்கமும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஏணி வருவதற்கு முன்னால் மேலே வெறும் பலகை மூடிதான், ஒரு விரல் போகுமாம். ஒழுகிய வீடு அவர்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. இப்போது ஜன்னலும் மாறிவிட்டது, ஏணிக் கதவையும் நான் அடைக்கப் போகிறேன். பழைய நாற்பது வருஷத்தை அடமானமாகக் காட்டிப் புது லோன் கேட்கிற கதை.

வாய்ப்பேச்சு எடுபடாது என்று தெரிந்ததால், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். பேட்டரியில் ஓடுவது, அளவை எண்ணில் காட்டும். முதல் நாள் ராத்திரி எங்கள் நடையில் வைத்தேன். கதவு இன்னும் அடைக்கவில்லை, அங்கீட்டியும் கீழே. அப்படியும் 38 காட்டியது. கருவி கத்துவதற்கு அது போதாது, ஆனால் எனக்குப் போதும். மறுநாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு, அம்மா, தங்கமணி சகிதம் கீழே போனோம். டீ குடித்துக்கொண்டே கட்டில் பக்கத்தில் வைத்தேன். 60, 85, 110 என்று ஏறிக்கொண்டே போனது. நூறைத் தாண்டிக் கால் மணி நேரம் இருக்கும், கத்த ஆரம்பித்தது பாருங்கள், மாதாஜி கையிலிருந்த கப்பை வைத்துவிட்டுத் தானே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

அப்போதும் பெரியவர், மெஷின் சீனாவில் செய்தது என்று ஏதோ சொன்னார். பேச்சை முடித்தது அம்மாதான். "நம்மூர் இஸ்திரிக்காரன் பொட்டிக்குக் கரியை எங்க வச்சுய்யா ஊதுவான்? வேப்பமரத்தடியிலதான? வீட்டுக்குள்ள வச்சு ஊதி எவனாவது பாத்திருக்கியா? அந்த அக்காட்ட சொல்லு." தங்கமணி இந்தியில் சொன்னாள். மாதாஜி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனாலும் ஸ்வெட்டர் பின்னுவதில் ஆரம்பித்து மூட்டுவலி வரைக்கும் எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ!

முடிவு இதுதான். அங்கீட்டி வராந்தாவை விட்டு உள்ளே வராது. சாயங்காலம் எல்லாரும் வராந்தாவில் சுற்றி உட்காரலாம், நிலக்கடலை வறுக்கலாம். படுக்கும்போது அவர்களுக்கு ஆயில் ஹீட்டர். (கரண்ட் ஹீட்டரும் ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் எதுவும் எரிவதில்லை, எனவே குடிக்காது. பதினைந்து ஆம்பியர் பிளக்கில் போடுகிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.) அலாரம் அவர்கள் அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, எங்களுக்கு இன்னொன்று வாங்கினேன். கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மாட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை வெளிச்சுவருக்கு மாற்றாமல் வேறு எந்த ஓட்டையையும் அடைக்காதீர்கள்.

இரண்டு வாரம் அங்கீட்டி உள்ளே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் ஏணியில் கை வைத்தோம். பழைய மிஸ்திரியே வந்தார். முதலில் சட்டத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் ரப்பர் பீடிங், உள்ளே குழலாக இருக்கும் ரகம். கதவு மேலே போய் அதை அமுக்கணும். ஸ்பிரிங் மட்டும் அவ்வளவு இறுக்கமாக இழுத்துப் பிடிக்காது, ஆகவே கயிற்றுப் பக்கம் இரண்டு கொண்டி. இழுத்து மாட்டினால் பேப்பர் கூட நுழையாது. அடுத்து, சட்டத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் சந்து. அலங்காரப் பட்டி அடித்து மறைத்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டியைக் கழற்றினால் கட்டை விரல் போகிறது! ஊதுபத்திப் புகை கதவைச் சுற்றிப் போனதில் பாதி இங்கேதான் போயிருக்கும். அதை டப்பாவில் வரும் பியூ ஃபோம் அடித்து நிரப்பினோம்.

பிறகுதான் மூடி. தெர்மாகோலை நேரே கதவின் முதுகில் ஒட்டலாமே என்றால், ஏணி அதன்மேல்தான் மடிகிறது, இடமில்லை. கதவின் எடையைக் கூட்டினால் ஸ்பிரிங் தாங்காமல் கதவு தானாகத் தொங்கும். எனவே அட்டிக் பக்கம், ஏணியின் மேலே கவிழ்த்து வைக்கிற மாதிரி ஒரு பெட்டி. மடித்த ஏணியின் உயரம் பத்து அங்குலம், பெட்டியின் உள் உயரம் பன்னிரண்டு. இரண்டங்குல தெர்மாகோல், கெட்டி ரகம், மூலையெல்லாம் டேப் ஒட்டி, வெளியே மெல்லிய பிளைவுட். அடிவிளிம்பில் பட்டையாக ஃபெல்ட். ஏறும்போது தலையாலேயே தூக்கி ஓரமாக நகர்த்தலாம், அவ்வளவுதான் எடை. தெர்மாகோல் வேலை செய்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கணும். பிவிசி ஒயர் அதை நேராகத் தொடக்கூடாது, நாளாவட்டத்தில் ஒயரின் மேல்தோல் கெட்டுப்போகும். விறகு அடுப்பின் தகரக் குழாய் சீலிங் வழியாகப் போகிற வீடாக இருந்தால், குழாய்க்குப் பக்கத்தில் தெர்மாகோலும் கூடாது, பியூ ஃபோமும் கூடாது. அந்த இடத்துக்குத் தகரமும் ராக்வூலும்தான்.

மிஸ்திரி கூலியோடு மொத்தம் 4,350 ரூபாய். அலாரம், ஹீட்டர் தனி.

ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஏதாவது கிளம்பும் என்பதற்குத் தண்ணீர்த் தொட்டி ஒரு உதாரணம். இத்தனை நாளும் அட்டிக்கைச் சூடாக வைத்திருந்தது எங்கள் ஹீட்டர்தானே! அது நின்றதும் அட்டிக் வெளியே இருக்கும் குளிருக்கே போய்விடும், குழாயில் தண்ணீர் உறையும். உறைந்த தண்ணீர் விரிந்தால் குழாய் வெடிக்கும், பெட்டி போட்ட அதே சீலிங் நனையும். அதனால் அதே நாளில் தொட்டியைச் சுற்றிச் சாக்கும் பழைய கம்பளியும், குழாய்களுக்குக் கறுப்பு ஃபோம் உறையும் போட்டோம். அட்டிக்கின் முக்கோணச் சுவர்களில் இருக்கும் மரச் சட்டக் காற்றுவழியை மட்டும் மூடவில்லை. மிஸ்திரி அதையும் சேர்த்து அடைத்துவிடலாம் என்று பலகையோடு நின்றார். கூடாது என்று தடுத்துவிட்டேன். அட்டிக்கின் தரையைத்தான் அடைக்கணும், அட்டிக் மூச்சு விடணும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. போன வருஷம் மழையே இல்லாத காலை நேரங்களில் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததாம். பெரியவர் ஒழுகல் என்று நினைத்துத் தகரக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டு ஆணியெல்லாம் மாற்றியிருக்கிறார். அது ஒழுகலே இல்லை. எங்கள் குக்கர் ஆவியும் மூச்சும் துணி காயவைத்த ஈரமும் மேலே போய், ஜில்லென்றிருக்கும் தகரத்தின் அடியில் பட்டு வியர்த்தது. கதவை அடைத்த பிறகு சொட்டு நின்றுவிட்டது. வீட்டு வாடகையில் ஏதாவது குறைப்பார் என்று தங்கமணி எதிர்பார்த்தாள். மாதாஜி ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பினார்.

குளிர் எவ்வளவு குறைந்தது என்பீர்கள். விடிகாலை 8 டிகிரி இப்போது 12. பனிப்பிரதேசத்தில் கேரளக் கடற்கரை வந்துவிடவில்லை. ஆனால் ஹீட்டர் ராத்திரி ஒன்பதுக்கே அணைகிறது, காலில் காற்று படுவதில்லை. அம்மா இரண்டு கம்பளியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சமையலறை ஜன்னல் மட்டும் எப்போதும் இரண்டு விரல் திறந்திருக்கும். குழந்தைகள் அதை மூடினால் அம்மாவே எழுந்து போய்த் திறந்து வைக்கிறார்.

பாக்கி இருப்பது வாசற்கதவின் அடி இடுக்கு. அதற்கு பிரஷ் பட்டை போட மிஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.